வாரிற் பூட்டிய நாயும் வேட்டைச் சட்டமும்: காயமுற்ற மானைத் தேடுதல் பற்றிய ஒரு நோக்கு

சட்டம் ஒன்று தான் தோன்றிய காலத்தில் நியாயமானதாக விளங்கிப் பின்னொரு காலத்தில் தன் நோக்கத்துக்கே மாறாகத் தொழிற்படுவதை வரலாற்றின் பல துறைகளிலும் நாம் காண்கிறோம். சட்டத்தின் சொற்கள் அவ்வாறே நிற்க, அச்சொற்களைப் பிறப்பித்த சூழ்நிலை மறைந்துவிடுகிறது. இப்போக்கினை விளக்குவதற்கு நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் சான்று வட அமெரிக்க வேட்டைச் சட்டங்களிலிருந்து பெறப்படுவது. காயமுற்றுக் காட்டினுள் மறைந்த மானைக் கண்டுபிடிப்பதற்கு, வாரிற் பூட்டிய நாயைப் பயன்படுத்தலாமா என்பதே வினா. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது வேட்டைக்காரரின் தனிப்பட்ட சிக்கலாகவே தோன்றும். ஆயினும், துன்புறும் உயிரொன்றின்பால் மனிதனுக்குள்ள கடப்பாடும், அக்கடப்பாட்டைச் சட்டம் எவ்வாறு எழுத்தில் வடிக்கிறது என்பதும் இதனுள் அடங்கியுள்ளன.

முதலிற் சிக்கலின் தன்மையைத் தெளிவாக்கிக்கொள்வோம். வடகிழக்கு அமெரிக்கக் காடொன்றில், ஒக்டோபர் மாத மாலைப்பொழுதில், வில்வேட்டைக்காரர் ஒருவர் வெண்வால் மானொன்றின்மீது அம்பெய்கிறார் எனக் கொள்வோம். அவர் அனுமதிப்பத்திரம் பெற்றவர். வேட்டைப் பருவமும் சட்டம் வகுத்த பருவமே. அம்பு நெஞ்சறையைத் துளைத்திருப்பின், மான் பெரும்பாலும் நூறு இருநூறு மீற்றர் தூரத்துக்குள் வீழ்ந்து இறந்துவிடும். ஆனால் அம்பு விடுபட்ட கணத்தில் மான் ஓர் அடி முன்வைத்தது. அம்பு வயிற்றைத் துளைத்துச் சென்றது. இத்தகைய காயத்தினால் மான் இறப்பது ஏறத்தாழ உறுதி. எனினும் இறப்பு உடனே வருவதில்லை. பல மணி நேரம் கழிந்த பின்னரே வருகிறது. குடலும் கொழுப்பும் காயத்தின் வாயை அடைத்துவிடுவதால் குருதி உடலுக்குள்ளேயே தேங்குகிறது. நிலத்தில் இரண்டொரு துளிகள். பின்னர் அவையும் இல்லை. சில நூறு மீற்றருக்கப்பால் அடர்ந்த புதரினுள் மான் படுத்திருக்கும். கைவிளக்குடன் தேடும் மனிதன் அதனருகாகவே நடந்து சென்றும் காணாது திரும்பக்கூடும்.

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், தான் வீழ்த்திய அல்லது காயப்படுத்திய விலங்கை மீட்பதற்கு வேட்டைக்காரர் நியாயமான முயற்சி செய்தல் வேண்டும் எனச் சட்டம் விதிக்கிறது. விலங்கை வீணே அழியவிடுதல் குற்றமாகும். அதே மாநிலங்கள் பலவற்றில் நெடுங்காலமாக, மான் வேட்டையில் நாயைப் பயன்படுத்துதலும் குற்றமாக இருந்தது. 'வேட்டை' என்னும் சொல்லுக்குச் சட்டம் தந்த வரைவிலக்கணம் மிக விரிந்தது. சுடுதல், கொல்லுதல் மட்டுமன்றிப் பின்தொடர்தலும் அதனுள் அடங்கும். ஆகவே, இறந்துகொண்டிருக்கும் மானை நாயின் துணையுடன் தேடிச் செல்பவரும் 'நாயைக் கொண்டு மானை வேட்டையாடியவர்' ஆகிவிடுகிறார். சட்டத்தின் ஒரு பிரிவு தேடும்படி பணிக்கிறது. மற்றொரு பிரிவு தேடுதற்குரிய மிகச் சிறந்த வழியை அடைத்துவிடுகிறது. இம்முரண்பாடு எவ்வாறு தோன்றியது என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்தல் வேண்டும்.

1

நாயைத் தடைசெய்த சட்டம் அறிவீனத்தின் விளைவன்று. 19ஆம் நூற்றாண்டில் நியூயோர்க் மாநிலத்தின் வடபால் உள்ள அடிரொண்டாக் மலைக்காடுகளில் இருவகை வேட்டைமுறைகள் பெருவழக்காயிருந்தன. ஒன்று, இரவில் ஏரிக்கரையில் விளக்கொளியைப் பாய்ச்சி, ஒளியில் திகைத்து நிற்கும் மானைச் சுடுதல். மற்றையது, நாய்க்கூட்டத்தை அவிழ்த்துவிட்டு மானை ஏரிக்குள் துரத்துதல். நீரில் நீந்தும் மானுக்கு ஓடித் தப்பும் வழியில்லை. படகில் காத்திருப்பவர் அதனை அணுகித் துவக்கினாலோ தடியினாலோ கத்தியினாலோ கொன்றுவிடுவார். அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1892ஆம் ஆண்டில் வரைந்த 'வேட்டைநாயும் வேட்டைக்காரனும்' என்னும் ஓவியம் இக்காட்சியையே சித்திரிக்கிறது. படகிற் படுத்தபடி மானின் கொம்பைப் பற்றியிருக்கும் இளைஞனையும், அவனை நோக்கி நீந்திவரும் நாயையும் அதில் நாம் காண்கிறோம். அவ்வோவியம் இன்று வாஷிங்டன் நகரிலுள்ள தேசிய கலைக்கூடத்தில் உள்ளது.

அக்காலத்தில் மானிறைச்சியும் தோலும் நகரச் சந்தைகளுக்குரிய பண்டங்களாகிவிட்டிருந்தன. புகையிரதப் பாதைகள் காட்டையும் சந்தையையும் இணைத்தன. விற்பனைக்கான வேட்டை வரைமுறையற்றுப் பெருகியது. 20ஆம் நூற்றாண்டு பிறந்தபோது ஐக்கிய அமெரிக்காவில் எஞ்சியிருந்த வெண்வால் மான்கள் ஏறத்தாழ 5 இலட்சம் அல்லது அதனிலும் குறைவு என மதிப்பிடப்படுகிறது. இச்சூழ்நிலையில் நியூயோர்க் மாநிலம் 1897ஆம் ஆண்டில் நாய்கொண்டு மானைத் துரத்துதலையும் விளக்கொளி வேட்டையையும் தடைசெய்தது. 1896ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றம் கியர் எதிர் கனெற்றிக்கட் என்னும் வழக்கில், காட்டு விலங்குகள் தனியாருடைமை அல்ல என்றும், மக்களின் பொருட்டு மாநிலமே அவற்றைக் காத்து நிருவகிக்கும் உரிமையுடையது என்றும் தீர்த்தது. அத்தீர்ப்பு 1979ஆம் ஆண்டில் மாற்றப்பட்டதாயினும், காட்டு விலங்கு பொதுச்சொத்து என்னும் கருத்து இன்றும் அந்நாட்டின் வேட்டைச் சட்டங்களுக்கு அடித்தளமாக உள்ளது. 1900ஆம் ஆண்டின் லேசிச் சட்டம், ஒரு மாநிலத்தின் சட்டத்தை மீறிக் கொன்ற விலங்குகளை மாநில எல்லை கடந்து விற்பனைக்குக் கொண்டுசெல்லுதலைக் குற்றமாக்கியது.

இப்பின்னணியில் நோக்குமிடத்து, நாய்த்தடை ஒரு முற்போக்கான நடவடிக்கையே எனல் வேண்டும். அவிழ்த்துவிட்ட நாய்க்கூட்டத்தின் முன் மானுக்கு எத்தற்காப்பும் இருக்கவில்லை. தடை அத்தற்காப்பை மீட்டளித்தது. ஆயின் சட்டம் இயற்றியோர் தம் கண்முன் கண்ட நாய் துரத்தும் நாய் மட்டுமே. வேறொரு வகை நாய் உண்டென்பதை அவர்கள் எண்ணிப்பார்க்கவில்லை. அவர்தம் நாட்டில் அவ்வழக்கம் வேரூன்றியிருக்கவும் இல்லை. எனவே சட்டத்தின் சொல் 'துரத்தும் நாய்' என அமையாது 'நாய்' எனப் பொதுப்பட அமைந்தது. சிக்கலின் வேர் இச்சொல்லிலேயே உள்ளது.

துரத்தும் நாய் நமது நாட்டு வரலாற்றுக்கும் அந்நியமானதன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கர், நாய்க்கூட்டங்களைக் கொண்டு மலைநாட்டு மரைகளைத் துரத்தி வேட்டையாடியதைத் தம் நூலிலே பெருமிதத்துடன் விவரித்துள்ளார். களைத்த மரை ஆற்றுநீரில் நின்று நாய்களை எதிர்க்க, அவர் கத்தியுடன் நெருங்கி அதனைக் கொல்வார். அடிரொண்டாக் ஏரியும் மலைநாட்டு ஆறும் ஒரே வகை வேட்டையின் இரு களங்கள். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமும் அதன் திருத்தங்களும் மானையும் மரையையும் பாதுகாக்கும் இந்நாட்டில், காயமுற்ற மானைத் தேடும் வேட்டைக்காரரின் உரிமை பற்றிய வினா எழுவதற்கு இடமில்லை. ஆகையால் நாம் ஆராயும் வினா அமெரிக்க மண்ணுக்கே உரியது. எனினும் நாய் என்றதும் மனத்தில் எழும் படிமம் பேக்கரின் நாயாகவே இருக்கும்வரை, அவ்வினாவை நம்மாற் சரிவர விளங்கிக்கொள்ள இயலாது.

2

வேறொரு வகை நாயின் வரலாற்றை அறிவதற்கு நாம் ஜேர்மனிக்குச் செல்லல் வேண்டும். மத்திய கால ஐரோப்பாவில் செம்மான் வேட்டை நிலமானியப் பிரபுக்களின் தனியுரிமை. வேட்டை நாளன்று விடியுமுன்னரே, பழகிய ஊழியன் ஒருவன் வாரிற் பூட்டிய நாயொன்றுடன் காட்டினுட் சென்று, தகுந்த கலைமான் எங்கே படுத்துள்ளது என்பதை அதன் அடிச்சுவட்டைக்கொண்டு அறிந்துவருவான். அந்நாய் குரைத்தல் கூடாது. வாரினின்று அவிழ்க்கப்படுதலும் கூடாது. அவன் கூறிய இடத்தில்தான் பின்னர் நாய்க்கூட்டம் அவிழ்த்துவிடப்படும். இவ்வாறு தேடும் நாயும் துரத்தும் நாயும் ஒரே வேட்டையில் வெவ்வேறு பணிகளை ஆற்றின. அவற்றை வேறுபடுத்தியது வார்.

துவக்கின் வளர்ச்சியும் சமூக மாற்றமும் இந்நிலையை மாற்றின. நாய்க்கூட்டங்களைப் பேணுதற்குரிய செல்வமும் ஆளணியும் அரசவைகளிடமிருந்து மறைந்தன. 1848ஆம் ஆண்டுப் புரட்சி, பிறர் நிலத்தில் வேட்டையாடும் பிரபுக்களின் உரிமையைத் தகர்த்தது. வேட்டை தனிமனிதன் துவக்குடன் காத்திருந்து சுடும் செயலாயிற்று. தொலைவிலிருந்து சுடத் தொடங்கியதும் புதியதொரு சிக்கல் பிறந்தது: சுடப்பட்டும் வீழாத விலங்கு. முன்னர் நலமுடன் இருந்த கலைமானைத் தேடிய நாய், இப்போது காயமுற்ற கலைமானைத் தேடப் பழக்கப்பட்டது. ஹனோவர் அரச வேட்டையகத்தில் இக்கலை சீர்பெற்றது. 'ஹனோவர் குருதித்தட நாய்' என்னும் இனமும் அங்கே உருவாயிற்று. அவ்வினத்தைப் பேணுவதற்கென 1894ஆம் ஆண்டில் ஹிர்ஷ்மான் சங்கம் அமைக்கப்பட்டது. ஜேர்மன் மொழியில் 'ஷ்வைஸ்' என்னும் சொல் பொதுவழக்கில் வியர்வையைக் குறிக்கும். வேட்டைக்காரர் வழக்கிலோ விலங்கின் குருதியைக் குறிக்கும். நாயினத்தின் பெயர் அச்சொல்லினடியாகவே பிறந்தது. பிரபுவின் கேளிக்கைக்காகத் தோன்றிய ஒரு திறன், பிரபுத்துவம் வீழ்ந்த பின்னர் விலங்கின் துன்பத்தைக் குறைக்கும் திறனாக மாறியமை கவனித்தற்குரியது.

இத்திறன் ஜேர்மனியிற் சட்டத்தின் பகுதியாகவும் உள்ளது. கூட்டாட்சி வேட்டைச் சட்டத்தின் 22அ பிரிவு, சுடப்பட்டுக் காயமுற்ற விலங்கைத் தவிர்க்கக்கூடிய வலியினின்றும் துன்பத்தினின்றும் காக்கும்பொருட்டுத் தாமதமின்றிக் கொல்லுதல் வேண்டும் எனக் கூறுகிறது. காயமுற்ற விலங்கு அயல் வேட்டைப்பரப்பினுட் புகுந்தால் அதனைப் பின்தொடர்வதற்கு, அப்பரப்பின் வேட்டையுரிமையாளருடன் எழுத்துமூல உடன்பாடு வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. துன்பத்தை நீக்கும் கடமையும் பிறர் உரிமையை மதிக்கும் கடமையும் இங்கே அருகருகே வைக்கப்பட்டுள்ளன. நாய்களின் தகுதியை அறியும் தேர்வுகளும் கடுமையானவை. அவற்றுள் ஒன்றில் ஏறத்தாழ 1000 மீற்றர் நீளமான செயற்கைத் தடம் இடப்படும். அதற்கெனப் பயன்படுத்தும் குருதி கால் லீற்றருக்கு மேற்படாது. தடம் இடப்பட்டு 20 மணி நேரமோ 40 மணி நேரமோ கழிந்த பின்னரே நாய் அதன்மீது விடப்படும். இடையிலே புதிய மான்களின் அடிச்சுவடுகள் குறுக்கிட்டிருக்கும். அவற்றை விடுத்துப் பழைய தடத்திலேயே நாய் செல்லல் வேண்டும்.

3

நாய் எதனைப் பின்தொடர்கிறது? குருதியை மட்டும் என்று எண்ணுதல் பிழை. மனிதனின் மூக்கில் மணமுணரும் கலங்கள் 50 முதல் 60 இலட்சம் வரை உள்ளன என்பர். நாயினத்துக்கேற்ப நாயின் மூக்கில் அவை 10 கோடி முதல் 30 கோடி வரை உள்ளன. மானின் குளம்புப் பிளவினிடையே சுரப்பி ஒன்றுண்டு. ஒவ்வோர் அடியிலும் அதன் மணம் நிலத்திற் படிகிறது. இதனோடு மிதிபட்ட புல்லின் மணமும், காயத்தினின்று சிந்தும் பொருள்களின் மணமும் கலக்கின்றன. பயின்ற நாய் இக்கலவையைக் கொண்டு குறித்த ஒரு மானைப் பிற மான்களினின்றும் வேறுபடுத்துகிறது. ஆதலினாலேயே குருதித்துளி முற்றாக அற்றுப்போன இடத்தும், இரவு முழுதும் கழிந்த பின்னும், அது தடத்தைத் தொடரவல்லதாகிறது.

நாயின் கழுத்தில் அகன்ற பட்டியும், அதில் ஏறத்தாழ 10 மீற்றர் நீளமான வாரும் பூட்டப்பட்டிருக்கும். வாரின் மறுமுனையைப் பிடிப்பவர் நாயை இழுப்பதுமில்லை. அதன் போக்கில் முற்றாக விட்டுவிடுவதுமில்லை. அது தலையைத் தாழ்த்திச் செல்கிறதா, தயங்குகிறதா, புதிய தடமொன்றால் ஈர்க்கப்பட்டதா என்பதை வாரின் அசைவிலிருந்தே அவர் அறிந்துகொள்கிறார். ஐயம் எழுந்தால் இறுதியாகக் குருதி காணப்பட்ட இடத்துக்கு நாயை மீட்டுக்கொணர்கிறார். வயிற்றிற் காயமுற்ற மானைத் தேடுமிடத்துப் பல மணி நேரம் காத்திருந்த பின்னரே அவர் புறப்படுவார். விரைந்து சென்றால் படுத்த மான் எழுந்து மேலும் தொலைவுக்கு ஓடும். துரத்தலில் வேகமே வெற்றிக்கு வழி. தேடலில் பொறுமையே வழி.

எல்லாத் தேடல்களும் மானைக் கண்டடைந்து முடிவதில்லை. தசையில் மட்டும் காயமுற்ற மான் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அத்தகைய மான் எங்கும் படுக்காது நெடுந்தொலைவு நடந்து சென்றமையை நாய் காட்டித்தரும்போது, தேடுவோர் தேடலை நிறுத்திக்கொள்கின்றனர். அம்முடிவும் ஓர் அறிவே. மான் புதரினுட் கிடந்து வருந்துகிறதா, காயத்தோடேனும் பிழைத்துப் போயிற்றா என்பதை அறியாது வீடு திரும்புவதற்கும், அறிந்து திரும்புவதற்கும் வேறுபாடு உண்டு.

4

நியூயோர்க் மாநிலத்தில் இம்முறைக்கு வித்திட்டவர் ஒரு வரலாற்றுப் பேராசிரியர் என்பது நம் வாசகர்க்குச் சுவையான செய்தியாகலாம். ஹொஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்திற் கற்பித்த ஜோன் ஜெனனி, ஐரோப்பிய நடைமுறையை நன்கறிந்தவர். சட்டத்தை மறைவில் மீறுவதற்கோ, அதனை வெறுமனே கண்டிப்பதற்கோ அவர் முற்படவில்லை. மாநிலச் சூழல் பாதுகாப்புத் திணைக்களத்திடம் ஆய்வு அனுமதி கோரினார். 1976ஆம் ஆண்டில் அது வழங்கப்பட்டது. முரட்டுமயிர் கொண்ட டக்ஸ்ஹுண்ட் இனத்துச் சிறு நாய்களுடன் அவரும் நண்பர்களும் வேட்டைக்காரரின் அழைப்பின்பேரிற் காடுகளுக்குச் சென்று, காயமுற்ற மான்களைத் தேடினர். 1978ஆம் ஆண்டில் 'டியர் சேர்ச்' என்னும் அமைப்பு உருவாயிற்று. ஏறத்தாழப் பத்தாண்டு அனுபவத்தின் பின்னர், 1986ஆம் ஆண்டில் நியூயோர்க் சட்டமன்றம் வாரிற் பூட்டிய தடநாய்க்கு இடமளித்துச் சட்டமியற்றியது. நாயை நடத்துவோர் தேர்வெழுதி அனுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டும் என்பது விதியாயிற்று.

இம்முறையில் நாம் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. 1897ஆம் ஆண்டின் தடை நீக்கப்படவில்லை. நாயைக் கொண்டு மானைத் துரத்துதல் அம்மாநிலத்தில் இன்றும் குற்றமே. பழைய சட்டத்தின் நோக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டே, அந்நோக்கத்துக்கு உட்படாத செயலொன்றை அதனின்று பிரித்தெடுத்தமையே நடந்தது. பழைய தடையின் நியாயத்தை ஏற்றுக்கொண்டு வாதிட்டோரே அதனைத் திருத்தும் தகுதியைப் பெற்றனர் எனலாம்.

பிற மாநிலங்களும் காலப்போக்கில் இவ்வழியைப் பின்பற்றின. வேட்டைக்காரர் தொகை மிக்க பென்சில்வேனியா 2018ஆம் ஆண்டிலேயே இதனை ஏற்றது. நியூயோர்க்கின் எல்லையை ஒட்டிய மாநிலத்துக்கு இம்மாற்றம் வந்து சேர 32 ஆண்டுகள் எடுத்தன. எல்லைக் கோட்டின் இருபுறமும் ஒரே வகை மானும் ஒரே வகைக் காடும் இருக்க, ஒருபுறம் கடமையாகக் கருதப்பட்ட செயல் மறுபுறம் குற்றமாக இருந்தது.

பிரித்தானிய அனுபவமும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரிய 2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம், நாய்களைக் கொண்டு காட்டு விலங்குகளை வேட்டையாடுதலைத் தடைசெய்தது. அச்சட்டம் நரிவேட்டை போன்ற துரத்தும் வேட்டையையே முதன்மையாகக் கருதி எழுந்தது. ஆயினும் அதன் அட்டவணையில், காயமுற்றிருக்கக்கூடிய விலங்கின் துன்பத்தை நீக்கும்பொருட்டு இரண்டு நாய்களுக்கு மேற்படாமற் பயன்படுத்தலாம் என விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. அத்துடன், இவ்விலக்கைப் பயன்படுத்தி வேட்டையாடும் எண்ணத்துடன் விலங்கைக் காயப்படுத்தியிருத்தலாகாது என்னும் நிபந்தனையும் சேர்க்கப்பட்டுள்ளது. நாய்வேட்டையை எதிர்த்து எழுந்த சட்டமே தேடும் நாயைத் தனியே வகைப்படுத்தியிருப்பது, இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதற்குத் தக்க சான்றாகும்.

5

இச்சட்டத் திருத்தத்துக்கு எதிராகக் கூறப்படுவனவற்றை இனி நோக்குவோம். அவற்றுட் சில வலுவுடையன.

முதலாவது, தேடுதல் என்னும் பெயரில் துரத்துதல் மீண்டும் புகுந்துவிடும் என்னும் அச்சம். வரலாற்றை நோக்கின் இது வீண் அச்சமன்று. ஆயினும் வார் என்பது காணக்கூடிய, நிறுவக்கூடிய ஒரு பொருள். ஒருவரின் உள்நோக்கத்தை நீதிமன்றத்தில் நிறுவுதல் அரிது. நாய் வாரிற் பூட்டப்பட்டிருந்ததா என்பதை நிறுவுதல் எளிது. தேடல் முழுவதும் நாய் வாரிலேயே இருத்தல் வேண்டும், நடத்துபவர் அனுமதிப்பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும், புறப்படுமுன் வனவிலங்கு அலுவலருக்கு அறிவித்தல் வேண்டும் என்னும் விதிகள் இவ்வச்சத்துக்குப் போதிய விடையாகும்.

இரண்டாவது, நில உரிமை பற்றியது. காயமுற்ற மான் வேலியை அறியாது. வேலிக்கப்பால் உள்ளவர் வேட்டையை வெறுப்பவராகவும் இருக்கலாம். இவ்விடத்தில் நாய்க்கோ வேட்டைக்காரருக்கோ தனியுரிமை எதுவும் அளித்தல் தகாது. நில உரிமையாளரின் இசைவு பெறப்படல் வேண்டும். சில வேளைகளில் இசைவு கிடையாமற் போகலாம்; மான் அவ்விடத்திலேயே இறக்கவும் கூடும். சட்டம் எல்லாத் துன்பத்தையும் நீக்கிவிடும் என நாம் வாதிடவில்லை.

மூன்றாவது, நாய் உண்டு என்னும் துணிவினால் வேட்டைக்காரர் பொறுப்பின்றி எய்வர் என்பது. இஃது எண்ணிப்பார்க்கவேண்டிய வாதம். பாதுகாப்பு ஏற்பாடு ஒவ்வொன்றும் ஒரு சிலரிடத்துக் கவனயீனத்தை வளர்த்தல் உலக இயல்பு. ஆயினும் நாயின் துணையுடன் தன் பிழையின் தடத்தை மணிக்கணக்காகப் பின்தொடர்ந்து, மான் எங்கெங்கே படுத்தது, எத்தனைமுறை எழுந்தது என்பவற்றைக் கண்ணாற் கண்டவர் அடுத்த முறை பொறுப்பின்றி எய்தல் அரிது. பிழையின் விளைவை மறைக்கும் ஏற்பாடு கவனயீனத்தை வளர்க்கும். விளைவை முகத்துக்கு நேரே காட்டும் ஏற்பாட்டுக்கு அவ்வியல்பு குறைவு.

நான்காவது வாதமே முற்போக்குச் சிந்தனையுடையோர்க்கு முக்கியமானது. வேட்டையே நீதியற்றது எனக் கருதுவோர், அதனைத் திருத்துவதால் அது நிலைபெற்றுவிடும் என அஞ்சுகின்றனர். மேலும் மானை மீட்க விரும்பும் வேட்டைக்காரர் கருணையினால் மட்டும் உந்தப்படுவதில்லை. இறைச்சியும் கொம்பும் அவர் கருத்தில் உள்ளன என்றும் சுட்டிக்காட்டுகின்றனர். இக்கூற்றில் உண்மையுண்டு, அதனை மறைத்தல் நேர்மையாகாது. எனினும் ஒரு வரலாற்று ஒப்புமையை இங்கு நினைவூட்டலாம். பிரித்தானியாவின் 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆலை இயந்திரங்களைச் சுற்றித் தடுப்பு அமைக்கப்படல் வேண்டும் என விதித்தது. கூலியுழைப்பு முறையையே அடியோடு மாற்றவேண்டும் என்று போராடியோர், அம்முறை ஒழியும்வரை தொழிலாளியின் விரல் இயந்திரத்தில் நசுங்கட்டும் எனக் கூறவில்லை. தடுப்பை வேண்டினர், முறையையும் எதிர்த்தனர். ஒன்று மற்றொன்றுக்குத் தடையாகவில்லை. வேட்டை இருக்கலாமா என்பது ஒரு சமூகம் நீண்ட விவாதத்தினால் முடிவுசெய்யவேண்டிய வினா. இன்றிரவு புதரினுள் வயிற்றுக் காயத்துடன் கிடக்கும் மானுக்கு அவ்விவாதத்தின் முடிவை எதிர்நோக்கியிருக்க அவகாசமில்லை. தேடிச் செல்பவரின் நோக்கம் கலப்பற்றதா என்பதும் அதற்குப் பொருட்டன்று. அவர் வந்து சேர்வதே பொருட்டு.

6

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிவைத் தொகுத்துக் கூறுவோம். ஒரு கருவியின் பெயரைச் சுட்டித் தடைசெய்யும் சட்டம் எளிதில் இயற்றப்படுவது, எளிதில் நிறைவேற்றப்படுவது. அதுவே அதன் வலிமை. அக்கருவி வேறொரு பணிக்கு உரியதாகும்போது, அதே எளிமை அதன் குறையாகிவிடுகிறது. 'நாய்' என்னும் ஒரு சொல், ஏரியில் மானைத் துரத்திய கூட்டத்தையும், இரவு முழுதும் பொறுமையுடன் ஒரு தடத்தை முகர்ந்து செல்லும் சிறு நாயையும் ஒன்றாக்கிவிட்டது. இதற்குப் பரிகாரம் தடையை நீக்குதலன்று; துரத்துதல், தேடுதல் என்னும் இரு செயல்களையும் வெவ்வேறு பெயரால் அழைத்துத் தடையின் எல்லையை நேராக வரைதலே பரிகாரம்.

இவ்வினா நாயுடன் முடிந்துவிடவும் இல்லை. அண்மைக்காலத்தில் வெப்பத்தை உணரும் படக்கருவி பொருத்திய ஆளில்லா வானூர்திகள், வீழ்ந்த மானைத் தேடுவதற்குப் பயன்படத் தொடங்கியுள்ளன. அவை இறந்த மானைக் காட்டுவதுபோலவே நலமுடன் மேயும் மானையும் காட்டவல்லன. அவற்றின் கழுத்தில் பூட்டுதற்கு வார் இல்லை. ஆகவே, நாய்க்குரிய விடையை அவற்றுக்கும் அப்படியே பொருத்துதல் பொருந்தாது; அவற்றைத் துரத்தும் கருவியினின்றும் வேறுபடுத்தும் புற அடையாளம் எது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். அத்தகைய அடையாளம் ஒன்று காணப்படாதவரை, தடையின் பக்கம் நிற்பதே தகும்.

நாயைப் பொறுத்தமட்டில் அவ்வடையாளம் கிடைத்துள்ளது. அது நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஐரோப்பியக் காடுகளிற் கண்டறியப்பட்ட பத்து மீற்றர் நீளமான ஒரு தோல்வார். அதனைத் தன் சொற்களுட் சேர்த்துக்கொள்வதற்கு நியூயோர்க்கின் சட்டம் 1897 முதல் 1986 வரை, 89 ஆண்டுகள் எடுத்தது. அந்த 89 ஆண்டுகளிலும் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும், தேடினால் கண்டடைந்திருக்கக்கூடிய மான்கள் தேடப்படாமலே கிடந்து மடிந்தன. சட்டத்தின் சொற்களை அவற்றின் நோக்கத்தோடு அவ்வப்போது ஒப்புநோக்கித் திருத்துதல் ஏன் இன்றியமையாதது என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் தேவையில்லை.